என் கமெராவும் உம்மம்மாவின் படமும்

எங்கள் உம்மம்மாவின் படம் என்று வீட்டில் பல காலம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் தேசிய அடையாள அட்டையில் இருந்த படம். முக்காட்டை நன்றாக இழுத்து விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டவர்போல நேரே பார்த்துக்கொண்டிருப்பார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது, நிந்தவூரில் கரையை அண்டியிருந்த எங்கள் வீடு போயிற்று. உம்மம்மாவும் போனார். கண்ணாடி அலுமாரியில் இருந்த மூன்று அல்பங்களும் போயின. ஏதோ ஒரு கடிதத்துக்காகக் கிராம சேவகரிடம் காட்டவென்று உம்மா அந்த அட்டையை வாங்கித் தன் கைப்பையில் வைத்திருந்தார். ஓடும்போது அவர் கையில் இருந்தது அந்தப் பை மட்டும்தான். அட்டை தப்பியது அப்படித்தான்.

பிறகு அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். முகம் புள்ளி புள்ளியாக வந்தது. உம்மா நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இது உம்மாதான் மகள். ஆனா உம்மா இப்படி இருக்கல்ல" என்றார்.

உம்மம்மா பன்பாய் இழைப்பவர். விறாந்தையில் பாதி இழைத்த பாயின் மேல் குந்திக்கொண்டு, வெற்றிலை வாயோடு, ஒழுங்கையால் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கதைப்பார். அல்பங்களில் கலியாணப் படங்கள் இருந்தன, சுன்னத்து வைபவப் படங்கள் இருந்தன. பாய் இழைக்கும் உம்மம்மா இருக்கவில்லை. தினமும் காண்பதை யார்தான் படம் எடுப்பார்?

இதனால்தான் நான் கமெராவைத் தூக்கினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. நான் தொடங்கியது பறவைகளுக்காக. தம்பி கட்டாரிலிருந்து வரும்போது பழைய கெனன் கமெரா ஒன்றைக் கொண்டுவந்தான். அந்த மாதமே வாப்பா, தம்பி, நான் மூவரும் குமண தேசிய பூங்காவுக்குப் போனோம். பொத்துவில் தாண்டி, பாணமை தாண்டி, உகந்தையில் பூங்கா வாசலை அடைந்து உள்ளே போகும்போது உச்சி வெயில். கண்டல் மரங்கள் சூழ்ந்த வில்லில் மஞ்சள் மூக்கு நாரைகள், கூழைக்கடாக்கள், வாயில் அகப்பையைச் செருகியதுபோல் இருக்கும் கரண்டிவாயன்கள் என்று கண் கொள்ளாத காட்சி. நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், வெள்ளைப் பறவைகளெல்லாம் கடதாசியில் வெட்டி ஒட்டிய துண்டுகள்போல் இருந்தன. இறகு எது, நிழல் எது என்று தெரியவில்லை. மரங்களின் கீழ் ஒரே கறுப்பு.

கமெராவில்தான் பிழை என்று நினைத்தேன். பிழை நேரத்தில் இருந்தது. சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது வெளிச்சம் கடுமையாக விழும். வெயில் பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. நமது கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும். கமெராவால் அந்த அளவுக்கு முடியாது. சூரியன் தாழும்போது ஒளிக்கதிர் வளிமண்டலத்தில் அதிக தூரம் ஊடுருவி வர வேண்டியிருக்கிறது. வழியில் நீலநிறம் சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் கூடுதலாக எஞ்சி வருகின்றன. பக்கவாட்டில் விழும் அந்த மெல்லிய ஒளியில்தான் இறகின் வரிகளும் முகத்தின் சுருக்கங்களும் துலங்கும்.

இதற்கு நமக்கு மணிக்கூடு தேவையில்லை. அஸருடைய நேரம் எப்போது தொடங்குகிறது என்று ஓதப்போன காலத்திலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். நடுப்பகலில் இருந்த நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும் நேரம். சூரியன் 45 பாகையில் நிற்கும்போது ஒரு கம்பின் நிழல் கம்பின் நீளத்துக்குச் சரியாக இருக்கும். நடுப்பகல் நிழலையும் சேர்த்தால் சூரியன் அதைவிடவும் தாழ்ந்துவிட்டது என்று பொருள். ஆகவே அஸர் தொழுதுவிட்டுக் கமெராவை எடுத்தால் அநேகமாகச் சரியாக இருக்கும். காலையில் இதை அப்படியே திருப்பிக்கொள்ளலாம். சூரியன் உதித்ததிலிருந்து, உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கும்வரை நல்ல ஒளி. நமது கரையில் சூரியன் கடலில் உதித்து வயல்களின் பக்கம் மறைகிறது. எனவே காலையில் கடலுக்கும், மாலையில் வயலுக்கும் களப்புக்கும் போவது என் வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது முறை குமணைக்குப் போனபோது நாரைகள் நாரைகளாகவே வந்தன.

கமெரா எப்படி வேலை செய்கிறது என்பதை நான் விளங்கிக்கொண்டது பூங்காவில் அல்ல, எங்கள் முற்றத்து வேப்பமரத்தின் கீழ். 2019 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. இலங்கையின் வடபகுதியில் கங்கண கிரகணமாகவும் எங்கள் பக்கம் பகுதிக் கிரகணமாகவும் தெரிந்தது. சுனாமி நடந்து சரியாகப் 15 வருடம். கிரகணத் தொழுகை முடித்து முற்றத்துக்கு வந்தபோது மேகம் சற்று விலகியிருந்தது. இலைகளுக்கிடையால் நிலத்தில் விழும் வட்டமான வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் அன்று பிறை பிறையாக விழுந்து கிடந்தன. நூற்றுக்கணக்கான பிறைகள். உம்மா அதன் நடுவே காலை வைக்கத் தயங்கி நின்றார்.

அந்தப் பொட்டுகள் ஒவ்வொன்றும் சூரியனின் படம். இலைகளுக்கிடையில் உள்ள சிறு இடைவெளி ஒரு துளையாக வேலை செய்கிறது. சூரியனின் மேல் விளிம்பிலிருந்து வரும் கதிர் துளைக்கூடாகக் கீழேயும், கீழ் விளிம்பிலிருந்து வருவது மேலேயும் போய் விழ, தலைகீழான படம் உண்டாகிறது. ஏறத்தாழ 965இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் இதைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார். கிரகணத்தின்போது துளை சிறிதாக இருந்தால் மட்டும் பிறை தெரிவதும், துளை பெரிதானால் வட்டமாகிவிடுவதும் ஏன் என்று அதில் ஆராய்கிறார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் நாம் பார்க்கவில்லை, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதால்தான் பார்க்கிறோம் என்று 'கிதாபுல் மனாழிர்' என்ற பெரிய நூலில் நிறுவியவரும் அவரே. விஞ்ஞானப் பிரிவுத் தங்கைமார் அவரைப் பற்றி இன்னும் தேடிப் படிக்க வேண்டும்.

துளை சிறிதானால் படம் தெளிவு, ஆனால் மங்கல். துளை பெரிதானால் வெளிச்சம், ஆனால் கலங்கல். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் துளையில் வில்லை வைத்தார்கள். இன்று உங்கள் வீட்டுக் கைத்தொலைபேசியில் இருப்பதும் அதே இருட்டறைதான். கடுகளவாகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே விலை கூடிய கமெரா வாங்கித் தரும்படி வாப்பாமாரைத் தொல்லைப்படுத்த வேண்டாம். தூரத்துப் பறவைக்கு மட்டும்தான் பெரிய வில்லை அவசியம்.

அந்தப் பறவைப் படங்களுக்கு என்ன நடந்தது? கணினியில் இருக்கின்றன. விருந்தாளிகள் வந்தால் முதல் பத்தைப் பார்ப்பார்கள். பதினோராவதில் தேநீர் வந்துவிடும்.

ஆனால் கஞ்சிப் படத்தை எல்லோரும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். ஒரு நோன்பு மாதம் அஸருக்குப் பின், பள்ளிவாசல் மதிலடியில் கஞ்சிக்காகப் பாத்திரங்களோடு வரிசையில் நின்ற சிறுவர்களைப் பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுத்தேன். அலுமினியக் கேத்தல், பிளாஸ்டிக் வாளி, சோற்று முட்டி என்று ஒவ்வொருவர் கையிலும் ஒன்று. ஒருவன் வாளியைத் தலையில் கவிழ்த்திருந்தான். அந்தப் பையன் இப்போது வெளிநாட்டில் வேலை செய்கிறான். அவனுடைய உம்மா அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டு இரண்டு முறை வீட்டுக்கு வந்தார்.

கடற்கரையிலும் இப்படி ஒன்று நடந்தது. ஒரே தென்னந்தோப்பை ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு வருடமும் எடுத்து வந்தேன். எந்த நோக்கமும் இல்லை. நடக்கப் போகும் வழியில் இருந்தது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புகள் மறித்த பின்னர், அதற்கு வடக்கே உள்ள கரை அரிபட்டு வருவதை இப்பகுதியில் எல்லோரும் அறிவோம். ஆனால் அறிவது வேறு. நான்கு படங்களை வரிசையாக வைத்தபோது வாப்பா எண்ணினார். முதல் படத்தில் ஒன்பது மரங்கள், நான்காவதில் மூன்று. "இந்த மரத்துக்குக் கீழதான் நாங்க தோணி இழுத்து வைப்போம்" என்று, கடலாகிவிட்ட ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

அன்றிலிருந்துதான் வீட்டுக்குள்ளும் படம் எடுக்கத் தொடங்கினேன். அங்கே பறவைகளைவிடக் கடினமான ஒருவர் இருந்தார். உம்மா.

கமெராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இந்தக் கோலத்திலயா புள்ள எடுக்கிறாய்?" நமது வீடுகளின் அல்பங்களைப் புரட்டிப் பாருங்கள், உம்மாமார் குறைவு. படம் எடுக்கும் நேரத்தில் அவர்கள் குசினியில் நிற்கிறார்கள், அல்லது பிள்ளையை நேராக நிறுத்திவிட்டு விலகிக்கொள்கிறார்கள். மார்க்க ரீதியான தயக்கமும் உண்டு. உருவப்படத்தைக் கூடாது என்று சொல்லும் உலமாக்கள் இருக்கிறார்கள். கமெராப் படம் கண்ணாடியில் விழும் நிழலைப் பிடித்து வைப்பது போன்றதே என்று அனுமதித்தவர்களும் இருக்கிறார்கள். எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்களில் ஒருவர். இந்த விவாதத்தைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் விரும்பாத ஒருவரை மறைவாக எடுப்பது களவு எடுப்பது போன்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் உம்மாவை அப்படி எடுக்கவில்லை. கேட்டேன், மறுத்தார். பெருநாளைக்குக் கேட்டேன், மறுத்தார். ஒரு நாள் பெரிதாக்கிய அந்த அடையாள அட்டைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் உங்கட படம் இப்படித்தான் மிஞ்சணுமா உம்மா?" என்று கேட்டேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து, தேங்காய் துருவிக்கொண்டே, "எடுக்கிறதெண்டா எடு. ஆனா போன்ல வெச்சிக்கக் கூடாது. கழுவி எடுத்துப் பெட்டிக்குள்ள வை" என்றார். 'பிரின்ட்' எடுப்பதை உம்மா இப்போதும் கழுவுவது என்றுதான் சொல்வார். முகநூலில் வரக்கூடாது, ஆண்கள் உள்ள வட்ஸ்அப் குழுக்களில் வரக்கூடாது என்று மேலும் நிபந்தனைகள். எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். குசினி யன்னலால் காலை வெளிச்சம் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். அச்சிட்ட பின் கமெராவிலும் கணினியிலும் இருந்தவற்றை அவர் முன்னிலையிலேயே அழித்தேன். அதனால் அந்தப் படம் இந்தக் கட்டுரையோடு வரவில்லை.

உம்மாவின் நிபந்தனைகளைப் பழங்காலத்து வெட்கம் என்று தங்கைமார் நினைக்க வேண்டாம். ஒரு படம் உங்கள் தொலைபேசியை விட்டுப் போனால் அது எங்கெங்கு போகிறது என்பது உங்கள் கையில் இல்லை. அதைவிட, பல தொலைபேசிகள் எடுத்த இடத்தையும் நேரத்தையும் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். கமெரா அமைப்புகளில் இருப்பிடத்தைப் பதியும் வசதியை நிறுத்தி வையுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் ஒருவரோடு சேர்ந்திருந்து தேடிப் பாருங்கள். பெற்றோருக்கும் அது தெரிந்திருப்பது நல்லது.

பெற்றோர் என்றதும் நினைவு வருகிறது. உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறை நமது நாட்டில், பொகவந்தலாவையில் இருக்கிறது. 1863இல், 48ஆவது வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமெராதான் அவருடைய முதல் கமெரா. அதுவரை அவர் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறக்கும்வரை இங்குள்ள சாதாரண மனிதர்களையும் படம் எடுத்தார். அவருடைய படங்கள் தெளிவில்லாதவை என்று அக்காலத்தில் பலர் குறை சொன்னார்கள்.

தெளிவில்லாத படங்களைப் பற்றி எனக்கும் இப்போது வேறு அபிப்பிராயம். போன வருடம் சம்மாந்துறையில் இருக்கும் சாச்சியின் வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது. அங்கே கடல் வரவில்லை, ஆகவே படங்கள் தப்பியிருந்தன. அதில் சாச்சியின் கலியாணப் படங்களுக்கிடையே, எறிய வேண்டியது எறியாமல் கிடந்ததுபோல் ஒரு படம். மணப்பெண் பாதிதான் விழுந்திருக்கிறார். பின்னால் கதவடியில் ஒரு மனுஷி கையை வீசி யாரையோ கூப்பிட்டுச் சிரிக்கிறார். கை முழுவதும் கலங்கியிருக்கிறது. வீட்டுக்குள் வெளிச்சம் குறைவாக இருக்கும்போது ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அசைவதெல்லாம் கோடாக இழுபட்டுவிடும். பறக்கும் நாரையை நிறுத்த செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். அன்று அந்தக் கமெராக்காரர் வைத்திருந்தது செக்கனில் முப்பதில் ஒரு பங்காக இருக்கலாம். கையைப் பிடிக்க அது போதவில்லை. முகத்துக்குப் போதியிருக்கிறது.

உம்மா அதைக் கண்டதும், "இந்தா, வெத்தில வாய்" என்றார். பிறகு வாப்பாவைக் கூப்பிட்டார்.

அந்த டின்னில் இருந்த எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்திருக்கிறோம். ஒன்று எங்களிடம், மற்றது கடலுக்குத் தூரத்தில், சாச்சியிடமே. வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் உம்மாவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதுகிறோம். பென்சிலால் மெதுவாக எழுதுகிறோம். பேனை மை மறுபக்கம் ஊறிவிடும், அழுத்தி எழுதினால் முகத்தில் தடம் விழும். இதுவரை நாற்பத்தொரு படங்கள் முடிந்துள்ளன. பதினேழாவது படத்தில் உம்மம்மாவுக்குப் பக்கத்தில் பச்சைச் சாரியோடு நிற்பவரின் பெயர் உம்மாவுக்கு நினைவு வரவில்லை. பக்கத்து ஒழுங்கைக்காரர் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறோம். சாச்சி வந்ததும் கேட்க வேண்டும்.