ஆறு புள்ளிகளின் பிடி

பதுளையை அடுத்த நமுனுகுல மலைச்சரிவில் அமைந்தது ஸ்பிரிங்வெளி. இத்தகைய ஊவாத் தோட்டங்களில் கொய்த கொழுந்து வாடியபின் ரோலர் இயந்திரத்தைச் சேரும். அது நிற்கும் தொழிற்சாலையைத் தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என்பர். ரோலர்கள் பலவற்றில் கொழுந்தைத் தாங்கும் கலம் மூன்று கிராங்குகளின் துணையால் வட்டப் பாதையில் இயங்குகிறது. அவற்றுள் ஒன்று முறிந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். வாடிய கொழுந்தோ காத்திராது.

புதிய கிராங்கு செய்வது எளிதன்று. அதில் இரு துளைகள் உண்டு. அவற்றின் இடைத்தூரம் மற்றைய இரு கிராங்குகளோடு ஒத்திருத்தல் வேண்டும்; துளைகள் ஒன்றுக்கொன்று இணையாகவும் அமைதல் வேண்டும். தவறினால் ரோலர் இறுகி நிற்கும். ஒரு துளையைக் குடைந்தபின் வார்ப்பைக் கழற்றி, மீண்டும் பூட்டி மற்றதைக் குடைந்தால், அந்த மறுபூட்டில் சிறு பிழை புகுந்துவிடும். ஒரே பூட்டில் இரண்டையும் குடைந்தால் அப்பிழைக்கு இடமில்லை. எம்முகத்தை முதலில் செதுக்குவது, எதனை ஆதாரமாகக் கொள்வது, எத்தனை முறை பூட்டுவது என்று முன்னரே வகுப்பதுதான் பூட்டுத் திட்டம். பூட்டிய பொருளை அசையாது தாங்கும் அமைப்பே 'பிக்சர்'.

எப்பொருளும் மூன்று திசைகளில் நகரவும், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பவும் கூடும். ஆக அசைவு ஆறு வகை. அடியில் மூன்று, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று என ஆறு தாங்கிகள் அமைத்தால் பொருளின் இடம் உறுதிப்படும். அதன்பின் இறுக்குதல் வேண்டும். குறைவாக இறுக்கினால் பொருள் நழுவும். மிகையாக இறுக்கினால் இரும்பும் வளைந்து, கழற்றியபின் துளையின் வட்டம் பிறழும்.

வெட்டும் கருவியின் பாதையைக் கணினி வகுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பிடிக்கும் முறையை வகுப்பது அதனினும் கடினம். இதற்கு வழிகள் இரண்டு. முன்பு செய்த ஒத்த பாகத்தின் திட்டத்தைத் தேடியெடுத்துத் திருத்துவது ஒன்று. வரைபடத்திலுள்ள முகங்களையும் துளைகளையும் அளவு வரம்புகளையும் ஆராய்ந்து புதிதாக வகுப்பது மற்றொன்று. 1985 இல் ஹாருஹிகோ அசாடாவும் ஆந்த்ரே பையும் தாங்கிகளை அமைப்பதற்கான கணித நிபந்தனைகளை ஆராய்ந்தனர். 1996 இல் ரேண்டி புரோஸ்டும் கென் கோல்ட்பர்க்கும் பலகோண வடிவப் பொருள்களுக்கு வழி கண்டனர். வரிசையாகத் துளையிட்ட பலகைமேல் மூன்று தாங்கிகளையும் ஓர் இறுக்கியையும் வைத்துப் பொருளைப் பிடிக்கத்தக்க அமைப்புகள் அனைத்தையும் அவர்கள் முறை தேடித் தந்தது. இறுக்கத்தால் பொருள் எவ்வளவு வளையும் என்று கணக்கிடும் முறைகளும் இத்துறையில் இணைந்துள்ளன.

எனினும் கணினி அறிவது தனக்கு அளிக்கப்பட்டதை மட்டுமே. பல்லாண்டு உழைத்த ரோலரின் கிராங்குத் துளைகள் தேய்ந்தும் மீளக் குடையப்பட்டும் இருக்கக்கூடும். அந்நிலையில் வரைபட அளவைக் கொண்டு செய்த கிராங்கு, குற்றமற்றதாயினும் அவ்வியந்திரத்துக்குப் பொருந்தாது. அனுபவம் மிக்க பிட்டர், முறியாத இரு கிராங்குகளையும் முதலில் அளந்து பார்ப்பார். வார்ப்பின் மெலிந்த இடத்தையும் குறித்துக்கொள்வார். அவ்விரு செய்திகளும் கிடைத்தால் கணினியின் திட்டம் பயன் தரும். கிடையாவிடின், பிழையற்ற கணக்கும் பொருந்தாத கிராங்கையே தரும்.