காணாமற்போன மாணவி

ஒருவரைச் சிறையிலிட்டால் சிறைப் பதிவேடு சாட்சி சொல்லும். கொன்றால் உடல் சாட்சி சொல்லும். இவ்விரண்டும் இல்லாதபடி மனிதரை மறையச் செய்வது அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சி கையாண்ட முறை. அவ்வாறு மறைந்தோரை அந்நாட்டார் ‘காணாமற்போனவர்’ என்றனர். இச்சொல்லின் பொருளை ஒரு மாணவியின் வரலாற்றால் விளக்க முற்படுகிறோம்.

தலைநகராகிய புயனஸ் அயர்ஸுக்கு அருகில் லா பிளாட்டா என்னும் நகரம் உள்ளது. அங்கே நுண்கலைப் பள்ளியில் பயின்றவள் மரியா கிளாடியா பால்கோனே. 1975-இல் அந்நகர மாணவர்கள் பஸ் கட்டணச் சலுகை கோரிப் போராடிப் பெற்றனர். அப்போராட்டத்தில் முன்னின்ற மாணவர் சங்கத்தில் அவளும் உறுப்பினள். 1976 மார்ச் 24 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 16 அன்று விடியுமுன் ஆயுதம் தாங்கியோர் கிளாடியாவைப் பிடித்துச் சென்றனர். அப்போது அவளுக்கு வயது 16. அந்நாட்களில் பிடிபட்ட பள்ளி மாணவருள் அவளோடு சேர்த்து அறுவர் திரும்பவே இல்லை. அந்த இரவைப் ‘பென்சில்களின் இரவு’ என்று அந்நாட்டார் நினைவுகூர்கின்றனர்.

பிடித்தவர்கள் பெயர் சொல்லவில்லை, ஆணை காட்டவில்லை. ஆட்கொணர்வு மனுவுடன் நீதிமன்றம் சென்ற பெற்றோர்க்கு, ‘அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை’ என்ற விடையே கிடைத்தது. காவலில் வைத்ததையே மறுத்துவிட்டால் சட்டம் எவரை நோக்கிக் கேள்வி கேட்கும்? இம்முறையின் சூழ்ச்சி இதுவே. காணாமற்போனவர் உயிருடனும் இல்லை, இறந்தும் இல்லை என்ற கருத்தை ஆட்சித் தலைவர் விடேலாவே 1979-இல் நிருபர்களிடம் வெளியிட்டார்.

ஆயினும் கேட்பவர் ஓயவில்லை. 1977 ஏப்ரல் முதல் தாய்மார் தலைநகரின் மாயோ சதுக்கத்தில் கூடினர். வாரந்தோறும் தலையில் வெள்ளைத் துணி கட்டி வலம் வந்தனர். கிளாடியாவின் தாயும் அவர்கள் இயக்கத்தில் சேர்ந்தார்.

1983-இல் மக்களாட்சி மீண்டது. மறுஆண்டு விசாரணைக் குழு ஏறத்தாழ 9,000 பேர் காணாமற்போனதைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. கிளாடியாவுக்குச் சில நாட்கள் பின்னர்ப் பிடிபட்டு, நான்காண்டுகள் காவலிலிருந்து உயிர்தப்பிய மாணவர் பாப்லோ தியாஸ், 1985-இல் நீதிமன்றத்தில் நின்றார். மறைவான சிறையில் அவளோடு தாம் இருந்ததை அங்கே எடுத்துரைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் விடேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கிளாடியா வீடு திரும்பவில்லை. ஆனால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்ற விடை பொய்யென்று நிலைநாட்டப்பட்டது. ஏட்டில் எழுதாமல் மறைத்த பெயரைத் தாய்மாரின் கேள்வியும் தோழரின் சாட்சியமும் நீதிமன்ற ஏட்டில் ஏற்றின.