தறி வீட்டின் அடக்க விலை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தாத்தா கட்டிய தறி வீட்டைப் பேரன் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கைக்காசு போடாமல் வந்த வீடுதான். ஆனாலும் வருமான வரிச் சட்டம் தாத்தா செய்த செலவையே பேரனின் அடக்க விலையாக ஏற்கிறது. வீடு 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்தால், அன்றைய சந்தை மதிப்பை அடக்கமாகக் காட்டலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பிற்பாடு நாட்டு ஓட்டைப் பிரித்து மெத்தை போட்டிருந்தால் அந்தச் செலவும் சேரும். ரசீது வேண்டும். சுண்ணாம்பு அடித்த கணக்கு எடுபடாது.

இந்த அடக்கத்தைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக்கொண்டு, மிச்ச லாபத்துக்கு 20 சதவீத வரி கட்டுவதே 2024 ஜூலை 22 வரை வழக்கம். மறுநாள் முதல் குறியீடு போய், 12.5 சதவீத வரி வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு, ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு மட்டும், இந்தியாவில் குடியிருக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் இரண்டில் குறைவான வரியைக் கட்டலாம் என்றார்கள். விகிதம்தான் குறைந்துவிட்டதே, இழப்பு எங்கே என்று கேட்கலாம். குறியீடு 2001-02-இல் 100, 2025-26-இல் 376. 2001-இல் 5 லட்சம் மதிப்புள்ள வீடு 2025-26-இல் 30 லட்சத்துக்குப் போனால், பழைய முறையில் அடக்கம் 18.8 லட்சம், வரி 2.24 லட்சம். புதிய முறையில் வரி 3.12 லட்சத்துக்கு மேல். அதே வீடு 50 லட்சத்துக்குப் போனால் புதிய முறையே மலிவு. விலை 2001 மதிப்பின் ஏறக்குறைய 8.4 மடங்கைத் தாண்டினால்தான் குறைந்த விகிதம் கைகொடுக்கிறது. வேகமாக விலையேறிய மனைக்குச் சலுகை, மெல்ல ஏறிய நெசவாளர் தெரு வீட்டுக்குச் சுமை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. 5 லட்சம் 18.8 லட்சமானது லாபமே அல்ல, ரூபாய் இளைத்ததன் அளவு. கணக்கு எளிதாகிறது என்ற வாதமும் நிற்காது. அரசே ஆண்டுதோறும் வெளியிடும் ஓர் எண்ணால் பெருக்குவதில் என்ன சிரமம்? பழைய வீட்டுக்காவது தெரிவு மிஞ்சியிருக்கிறது. கூலியைச் சேர்த்து 2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பின்னரோ வீடு வாங்கிய நெசவாளிக்கு அதுவும் இல்லை. அவருக்கும் அந்தத் தெரிவை நீட்டிக்க வேண்டும்.