நாணயச் சேகரிப்புக்கு ஒரு கணக்குப் புத்தகம் - உங்கள் கம்ப்யூட்டரில்

நாணயம், தபால்தலை, பழைய ரூபாய் நோட்டு, தீப்பெட்டிப் படம், சின்னச் சின்ன மாடல் கார்கள் என ஏதேனும் ஒன்றைச் சேகரிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் சிலர் முதல் வேலையாகத் தங்கள் சேகரிப்பைப் பட்டியல் போட உட்காருவார்கள். என் நண்பர் ஒருவரும் அப்படித்தான். இரண்டு ஆண்டுகளாக நாணயம் சேர்க்கிறார். நாணயங்களைப் போட்டோ எடுத்து, பெயர், ஆண்டு, எந்த அச்சகம் என எழுதி வைக்க வேண்டும் என்றார். விலைக்கும் ஒரு கட்டம் போடுங்கள் என்றேன். அதெல்லாம் எதற்கு என்று தயங்கினார். மொத்தம் எவ்வளவு செலவழித்திருப்பீர்கள் எனக் கேட்டதற்கு, நாற்பதாயிரம் இருக்கும் என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பழைய ரசீதுகளையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பார்த்துப் பதிந்த பின் வந்த தொகை ரூ.1,12,640. அதில் 30 ஆயிரம் ரூபாய் கிரெடிட் கார்டில் பாக்கியாக நின்றது. ஜூன் மாதம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அவர் போட்ட பட்டியலை நீங்களும் எப்படித் தயாரிக்கலாம் என்பதை இங்கு பார்க்கலாம்.

எக்ஸெல் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லை என்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உள்ள கால்க் புரோகிராம் இந்த வேலைகள் அனைத்தையும் செய்திடும்.

புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை ஒவ்வொரு செல்லாக டைப் செய்திடுங்கள்: தேதி, பொருள், அச்சக அடையாளம், யாரிடம் வாங்கியது, விலை, இதரச் செலவு, மொத்தம், பணம் கொடுத்த விதம், இன்று விற்றால் கிடைப்பது. அச்சக அடையாளம் என்பது நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே இருக்கும் சிறு குறி. வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. ஒரே நாணயத்தை இரண்டு முறை வாங்கிவிடாமல் இருக்க இந்தக் கட்டம் உதவும். நண்பர் பட்டியலைப் பொருள் வாரியாக வரிசைப்படுத்திய போது, ஒரே அச்சகத்தின் ஒரே ஆண்டு நாணயம் மூன்று முறை வாங்கியிருந்தது தெரிய வந்தது!

இதரச் செலவு என்ற கட்டத்தைத் தயவு செய்து விட்டுவிடாதீர்கள். கூரியர் கட்டணம், ஏலத்தில் எடுத்தால் ஏலக் கம்பெனியின் கமிஷன், வரி, நாணயத்தைப் போட்டு வைக்கும் ஆல்பம், கண்காட்சிக்குப் போய் வந்த பஸ் செலவு எல்லாம் இதில் வர வேண்டும். மொத்தம் என்ற தலைப்பின் கீழ் உள்ள முதல் செல்லில் = அடையாளம் போட்டு, அதே வரியில் விலை உள்ள செல்லில் கிளிக் செய்து, + அடையாளம் போட்டு, இதரச் செலவு உள்ள செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். கூட்டுத்தொகை கிடைக்கும். பின் அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிகளுக்கும் பார்முலா வந்துவிடும்.

இதுவரை செலவழித்தது எவ்வளவு? மொத்தம் உள்ள நெட்டு வரிசையின் தலையில் இருக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு கிளிக். வரிசை முழுவதும் தேர்வாகி, திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் கூட்டுத்தொகை தெரியும். இதற்கென்று தனி பார்முலா எழுத வேண்டியதில்லை.

பணம் கொடுத்த விதம் என்பதில் ரொக்கம், யுபிஐ, கார்டு என மூன்றில் ஒன்றை எழுதுங்கள். பின் டேட்டா மெனுவில் பில்டர் (கால்க்கில் ஆட்டோ பில்டர்) கிளிக் செய்தால் தலைப்புகளில் சிறு அம்புக்குறிகள் தோன்றும். கார்டு என்பதை மட்டும் டிக் செய்தால், கடனில் வாங்கியவை மட்டும் திரையில் நிற்கும். பெரும்பாலோருக்கு இந்த இடத்தில்தான் தூக்கிவாரிப் போடும்.

இன்று விற்றால் கிடைப்பது என்ற கட்டத்தை நேர்மையாக நிரப்புவது சற்றுக் கடினம். இணையத்தில் ஒருவர் ஒரு நாணயத்துக்கு 5,000 ரூபாய் கேட்கிறார் என்பதற்காக அது 5,000 ரூபாய் பெறும் என்று ஆகாது. அது அவர் கேட்கும் விலை. வியாபாரி உங்களிடம் வாங்கும் விலை அவர் விற்கும் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே வியாபாரி கையில் கொடுக்கும் தொகையை எழுதுங்கள். பழைய ஐந்து ரூபாய் நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், ரிசர்வ் வங்கிக் கமிஷனை மட்டும் முதலில் கட்டுங்கள் என்று செய்தி வந்தால் நம்ப வேண்டாம். பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்குவதோ விற்பதோ தன் வேலை இல்லை, அதற்காக எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை என ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் அறிவித்தது.

அடுத்து கடன் கணக்கு. இதற்குப் புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, ஒரு காலி செல்லில் கிளிக் செய்து, பார்முலா பாரின் இடப் பக்கம் உள்ள எப்எக்ஸ் பட்டனை அழுத்துங்கள். வரும் டயலாக் பாக்ஸில் பைனான்சியல் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து, என், பி, இ, ஆர் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் கொண்ட பங்ஷனைத் தேடிப் பிடியுங்கள். ஒரு கடன் எத்தனை மாதத்தில் தீரும் என்று சொல்வதுதான் இதன் வேலை.

நண்பரின் பாக்கி 30,000. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என வைத்துக் கொள்வோம் (உங்கள் விகிதம் பில்லிலேயே இருக்கும்). அவர் மாதம் 1,500 ரூபாய் கட்டிக் கொண்டிருந்தார். ரேட் கட்டத்தில் 3.5%, பிஎம்டி கட்டத்தில் -1500, பிவி கட்டத்தில் 30000 என டைப் செய்து ஓகே கொடுங்கள். கையை விட்டுப் போகும் பணம் என்பதால் 1500க்கு முன் மைனஸ் குறி. சதவீதக் குறியை மறந்தால் பிழைச் செய்திதான் வரும். விடை 35 மாதம்! அதுவும் இடையில் ஒரு நாணயம்கூடக் கார்டில் வாங்காமல் இருந்தால்.

அத்துடன் முடியவில்லை. கார்டு வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஆகவே உண்மையான விகிதம் 3.5 அல்ல, 4.13. ரேட் கட்டத்தில் 4.13% என மாற்றினால் விடை 43 மாதங்களைத் தாண்டுகிறது. 30 ஆயிரம் கடனுக்கு ஏறத்தாழ 64,800 ரூபாய் கட்டி முடிப்பார். 1500க்குப் பதில் 1000 போட்டுப் பாருங்கள். எண்ணே வராது, பிழைச் செய்தி வரும். கம்ப்யூட்டர் பழுதாகிவிடவில்லை. முதல் மாத வட்டியும் வரியும் மட்டுமே 1,239 ரூபாய் என்பதால், 1,000 கட்டினால் அந்தக் கடன் என்றைக்கும் தீராது, வளரும்.

இப்போது 3000 போடுங்கள். 13 மாதங்களுக்குச் சற்று மேல். மொத்தம் சுமார் 39,500. தவணையை இரட்டிப்பாக்கியதில் 25 ஆயிரம் ரூபாய் மிச்சம். நண்பர் இரண்டு, மூன்று முறை வாங்கியிருந்தவற்றையும், ஆசை விட்டுப்போன சிலவற்றையும் விற்று 10 ஆயிரம் ரூபாயைப் பாக்கியில் கட்டினார். பிவி கட்டத்தில் 20000 என மாற்றிப் பார்த்தோம். 8 மாதம். விற்றதில் அவருக்கு நஷ்டம்தான். ஆனால் மாதம் 4.13 சதவீதம் விலை ஏறும் நாணயம் எதுவும் அவர் பெட்டியில் இல்லை.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பில் தொகையை முழுதாகக் கட்டாமல் பாக்கி வைத்தால், அதன் பின் கார்டில் வாங்கும் புதிய பொருளுக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை போய்விடும். ஆகவே பாக்கி தீரும் வரை அந்தக் கார்டைப் பீரோவில் வைப்பது நல்லது.

மூன்றாவது ஷீட் மாத ஒதுக்கீட்டுக்கு. மாதம், ஒதுக்கியது, செலவானது, மீதி என நான்கே கட்டங்கள். ஒதுக்கியதில் இருந்து செலவானதைக் கழித்தால் மீதி. எக்ஸெலில் ஹோம் டேபில் உள்ள கண்டிஷனல் பார்மட்டிங் மூலம், மீதி 0க்குக் கீழே போனால் செல் சிவப்பாகும்படி அமைக்கலாம். வாங்காத மாதத்தின் மீதியை அடுத்த மாதத்துக்குக் கொண்டு போகலாம். விலை அதிகமான நாணயத்துக்கு இப்படித்தான் சேர்த்து வைக்க வேண்டும். தபால்தலை சேகரிப்பவர்களுக்கு இதே முறையைத் தபால் துறையே வைத்திருக்கிறது. சென்னை அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையம் போன்ற இடங்களில் உள்ள பிலாடெலிக் பியூரோவில் டெபாசிட் கணக்கு தொடங்கிச் சிறு தொகையை முன்பணமாகக் கட்டினால், புதிய தபால்தலைகளை வீட்டுக்கு அனுப்பி, டெபாசிட்டில் இருந்து கழித்துக் கொள்வார்கள். பணம் தீர்ந்தால் தபால்தலை வராது. கடனுக்கு அங்கே வழியே இல்லை.

எல்லாம் முடிந்ததும் நண்பர் ஒரு சந்தேகம் கேட்டார். இந்தப் பைலைப் பாஸ்வேர்ட் போட்டு மூடி வைக்க முடியுமா? முடியும். ஆனால் அன்று நான் சொல்லித் தரவில்லை. முதல் ஷீட்டைப் பிரின்ட் எடுத்து வீட்டில் கொடுங்கள் என்றேன். எந்த நாணயம் எந்த ஆல்பத்தில் இருக்கிறது, யாரிடம் விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்தால், அவசரத்தில் குடும்பத்தார் அதைச் சில்லறையாகத்தான் செலவழிப்பார்கள். கடைசியில் பைலை சேவ் செய்திடும் போது பென் டிரைவில் ஒரு காப்பி வைத்து, அதை ஆல்பம் இருக்கும் பீரோவில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.