யூ.எஸ்.பி. போர்ட்டின் மின்சாரமும் கிணற்று மோட்டாரும்

பாலாற்றுப் பிரதேசத்தில், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய இடங்களில், தோல் பதனிடும் கழிவு ஜலத்தினால் கிணறுகளும் நிலங்களும் உவர்ப்பான வரலாறு குடியானவர்கள் அறிந்ததே. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுதுமோ ஒரு பகுதியோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்று, வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் ஆரம்ப ஆய்வு கண்டதாக, சுப்ரீம் கோர்ட்டின் 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதித் தீர்ப்பு கூறுகிறது.

இத்தகைய கிணறுடையோர், ஜலத்தின் உப்பை அளக்கும் கருவியைக் கணினியோடு இணைத்து, உப்பு மிகுந்தவுடன் மோட்டார் தானே நிற்கும்படி செய்ய விரும்புவது நியாயமே. மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸுக்கு மேற்பட்ட ஜலம் பயிருக்குப் பெருங்கேடு செய்யத்தக்கது. ஆனால் இதற்கென ஒரு சிறு ரிலேயை யூ.எஸ்.பி. போர்ட்டில் பொருத்தி, மென்பொருளால் அப்போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தினால் போதுமென்று நம்புவது தவறு. அதன் காரணம் வருமாறு.

யூ.எஸ்.பி. போர்ட் 5 வோல்ட் மின்சாரம் அளிப்பது. இரண்டாம் பதிப்பில் 500, மூன்றாம் பதிப்பில் 900 மில்லி ஆம்பியர் வரை ஒரு கருவி பெறலாம். மின்சாரத்திற்கு ஒரு ஜோடிக் கம்பியும், செய்திக்கு வேறு கம்பிகளும் உள்ளன. கணினித் திரையில் கருவியை "நீக்கு" என்று கட்டளையிட்டால் பெரும்பாலும் செய்தி மாத்திரம் நிற்கும், மின்சாரம் நில்லாது.

மின்சாரத்தையே நிறுத்த வேண்டுமாயின், போர்ட்டுகளைப் பிரித்தளிக்கும் ஹப்பில் அதற்கான ஸ்விட்சு இருத்தல் வேண்டும். வாய்க்காலில் மடை இல்லாதபோது, நீர் பாய்ச்சுவோன் எவ்வளவு கூவினும் ஜலம் நில்லாதன்றோ? சில ஹப்களில் போர்ட்டுக்கொரு மடை உண்டு. சிலவற்றில் எல்லாவற்றுக்கும் ஒரே மடை. பலவற்றில் மடையே இல்லை. மடை உண்டென்று ஹப் தன் கணக்கில் தெரிவித்தும், பலகையில் ஸ்விட்சு வைக்கப்படாதனவும் உள. லினக்ஸ் கணினியில் யூஹப்சிடிஎல் என்னும் மென்பொருள் இக்கட்டளையை அனுப்பும். ஆயினும் இல்லாத மடையை அதுவும் அடைக்காது.

நிற்க, வேறோர் அபாயமும் உண்டு. மின்வெட்டு நீங்கிக் கணினி விழிக்கும்போது போர்ட்டுகள் பொதுவாக மின்சாரத்துடனேயே தொடங்கும். நமது மென்பொருள் இயங்கத் தொடங்குமுன் ரிலே இழுத்துக்கொள்ளும். அந்த ரிலே மோட்டாரை ஓட்டும்படி அமைந்திருந்தால், கிணற்றடியில் வேலை செய்வோர் உயிருக்கே ஆபத்து.

ஆகையால் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. மோட்டாரை இணைக்குமுன், போர்ட்டில் ஒரு சிறு யூ.எஸ்.பி. விளக்கை வைத்துக் கட்டளையிட்டுப் பார்க்கவும். விளக்கு அணையாவிடில் அப்போர்ட் இக்காரியத்திற்கு உதவாது. அணைந்தாலும் மல்டிமீட்டரால் சோதிக்கவும்.

2. கட்டளையைச் செய்தியாகப் பெற்றுத் தானே திறந்து மூடும் யூ.எஸ்.பி. ரிலேப் பலகையே மேலானது. கணினி செயலற்று நின்றால் அதுவும் கடைசி நிலையிலேயே நிற்குமாதலின், குறித்த நேரத்தில் நிறுத்தும் டைமர் தனியே அவசியம்.

3. ரிலேயின் தொடர்பை ஸ்டார்ட்டரின் நிறுத்தும் பொத்தானுடன் வரிசையாக, மின்சாரம் அற்றால் பிரியும்படி அமைக்க வேண்டும். அப்போது அது மோட்டாரை நிறுத்துமேயன்றி ஓட்டாது. ஆட்டோ ஸ்டார்ட்டர் இதனுடன் கூடாது.

4. மூன்று பேஸ் வேலை யாவும் தேர்ந்த எலக்ட்ரீஷியனால், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே நடைபெற வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்கள், யோசனை கேட்டு வருவோருக்கு முதலாவது விதியையேனும் எடுத்துரைப்பார்களாக. ஒரு விளக்கைக் கொண்டு சில நிமிஷத்தில் செய்யும் அப்பரீட்சை, ஓர் இரவு முழுதும் உவர் ஜலம் வயலிற் பாய்வதைத் தடுக்கும்.