குழந்தைகளுக்குச் சொல்வோம் கார்டன் பார்க்ஸ் கதையை!

மாலை நேர வகுப்புகளில் அம்பேத்கர், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் வாழ்க்கையைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அந்த வரிசையில் கேமராவோடு போராடிய ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர் அமெரிக்கக் கறுப்பினப் புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் (1912-2006).

ஆற்றில் வீசப்பட்ட சிறுவன்

கான்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்காட் என்ற சிற்றூரில், ஏழை விவசாயக் குடும்பத்தில் 15 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் பார்க்ஸ். 11 வயதில், நீச்சல் தெரியாது என்று நினைத்து வெள்ளைச் சிறுவர்கள் மூன்று பேர் அவரை மர்மட்டன் ஆற்றில் வீசினார்கள். தண்ணீருக்கு அடியிலேயே நகர்ந்து அவர் கரை சேர்ந்தார். கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவது வீண், எப்படியும் சுமை தூக்கவும் வீட்டு வேலை செய்யவும்தான் போகப்போகிறீர்கள் என்று சொன்ன ஆசிரியையும் அவருக்கு வாய்த்தார்.

பதின்ம வயதில் தாய் இறந்தார். மினசோட்டாவில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பப்பட்டவரை, அக்காவின் கணவர் வெளியே துரத்திவிட்டார். கடுங்குளிரில் டிராம் வண்டிகளிலேயே இரவைக் கழித்தார். பிறகு ரயிலில் உணவு பரிமாறும் வேலை கிடைத்தது. அங்கே பார்த்த ஒரு பத்திரிகையில், பிழைப்பு தேடி ஊர் ஊராகப் போகும் கூலித் தொழிலாளர்களின் படங்கள் இருந்தன. அவை அவரை உலுக்கின. சியாட்டில் நகர அடகுக் கடையில் பழைய கேமரா ஒன்றை வாங்கினார். எந்தப் பள்ளியிலும் படிக்காமல், தானே எடுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

துடைப்பமும் தேசியக் கொடியும்

1942-ல் உதவித்தொகை பெற்று, வாஷிங்டனில் அரசின் புகைப்படப் பிரிவில் சேர்ந்தார். அதன் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், கேமராவை வைத்துவிட்டு நகரைச் சுற்றி வரும்படி சொன்னார். துணிக்கடை, உணவகம், திரையரங்கு என எங்கும் பார்க்ஸுக்கு இடம் கொடுக்கவில்லை. கோபத்தோடு திரும்பியவரிடம், இங்கேயே வெகுநாள் வேலை செய்பவரிடம் பேசிப் பார் என்றார் ஸ்ட்ரைக்கர்.

அதே கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் எல்லா வாட்சன். பார்க்ஸ் முதலில் அவரது கதையைக் கேட்டார். பிறகு, சுவரில் தொங்கிய அமெரிக்க தேசியக் கொடிக்கு முன்னால், ஒரு பக்கம் துடைப்பமும் மறுபக்கம் தரை துடைக்கும் கோலுமாக அவரை நிற்க வைத்துப் படம் எடுத்தார். ஒரே படத்தோடு விடவில்லை. வாரக்கணக்கில் உடன் இருந்து, அவரது வீடு, பேரக்குழந்தைகள், தேவாலயம் என முழு வாழ்க்கையையும் பதிவு செய்தார். உலகமே அறிந்த படங்களில் அது ஒன்றானது.

1948-ல் ‘லைஃப்’ இதழின் முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞரானார். 1956-ல் அலபாமா மாநிலத்தில் கறுப்பினக் குடும்பங்களோடு பழகி, தனி வாசல், தனிக் குடிநீர்க் குழாய் என்றிருந்த தீண்டாமையை வண்ணப் படங்களாக்கினார். 1969-ல் பெரிய ஹாலிவுட் நிறுவனத்துக்குத் திரைப்படம் இயக்கிய முதல் கறுப்பினத்தவரும் அவரே. வறுமைக்கும் இனவெறிக்கும் எதிரான ஆயுதமாகவே கேமராவை அவர் கருதினார்.

எந்த வயதில் சொல்வது?

இழிவுபடுத்தல்களைச் சிறு குழந்தைகளிடம் சொல்லலாமா என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. அதற்கும் பார்க்ஸின் படம் ஒன்றிலேயே பதில் இருக்கிறது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் அறிஞர் தம்பதி 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளை பொம்மையையும் கறுப்பு பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளை பொம்மையையே காட்டினார்கள். அந்தச் சோதனையை 1947-ல் படம் எடுத்தவர் பார்க்ஸ். பள்ளிகளில் இனப் பாகுபாடு செல்லாது என்ற 1954-ம் ஆண்டின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கிளார்க்கின் ஆய்வையும் சுட்டியது. நாம் சொல்லாவிட்டாலும் குழந்தை அவமானத்தைத் தெருவில் கற்றுக்கொள்கிறது. எதிர்த்து நின்றவர்களின் கதையைத்தான் நாம் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆற்றில் நீந்தித் தப்பியதும், அடகுக் கடைக் கேமராவும் போதும். எட்டு வயதுக்கு மேல் வாட்சனின் படத்தைக் காட்டி, இவர் யார், என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். அவருடைய தந்தையை வெள்ளையர் கும்பல் கொன்ற செய்தி, வளர்ந்த மாணவர்களுக்கு உரியது.

நம் ஊரிலும் அந்தப் பணி தொடர்கிறது. மலக்குழி மரணங்களைப் பேசிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிக்குமார் மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். அவர் எடுத்த தூய்மைப் பணியாளர்களின் படங்களையும் மாணவர்கள் தேடிப் பார்க்கலாம்.

கதை முடிந்ததும் ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் இருக்கும் செல்போனில் அம்மாவோ அப்பாவோ வேலை செய்வதை ஒரு படம் எடுக்கட்டும். எடுக்கும் முன் அவர்களிடம் அனுமதி கேட்கட்டும். படத்துக்குக் கீழே அவர்களின் பெயரையும், அந்த வேலையைப் பற்றி இரண்டு வரியும் எழுதட்டும். வகுப்பில் ‘அப்பா என்ன வேலை?’ என்று கேட்டால் தலை குனிகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் படத்தை வகுப்பின் சுவரில் ஒட்டி, தன் அப்பாவின் வேலையைப் பற்றி அந்தப் பிள்ளையையே எல்லோருக்கும் விளக்கச் சொல்லுங்கள்.