பாய்மரப் படகு வாங்குமுன் கீலைப் பாருங்கள்

2014 மே மாதம். கரீபியக் கடலின் ஆண்டிகுவா தீவில் பந்தயம் முடித்துவிட்டு, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது 'சீக்கி ராஃபிக்கி' என்ற பாய்மரப் படகு. வட அட்லாண்டிக்கில், கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, படகுக்குள் தண்ணீர் ஏறுவதாகத் தகவல் வந்தது. பிறகு தொடர்பு அறுந்தது. ஒரு வாரம் கழித்து அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று அதைக் கவிழ்ந்த நிலையில் கண்டது. அடியில் கீல் இல்லை. உயிர்காப்பு மிதவை வைத்த இடத்திலேயே இருந்தது. படகில் சென்ற நால்வரும் திரும்பவேயில்லை.

பாய்மரப் படகைக் கவிழாமல் நிமிர்த்தி வைப்பது அடியில் தொங்கும் கனத்த கீல்தான். பந்தயத்துக்கும் பயணத்துக்கும் ஏற்றது என்று விற்கப்படும் ரேசர்-க்ரூசர் வகையைச் சேர்ந்தது இந்தப் படகு. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2015-ல் அறிக்கை தந்தது. முன்பு தரைதட்டியதும் அதற்காகச் செய்த பழுதுபார்ப்பும் கீல் பொருந்தும் பகுதியைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்பது அதன் கணிப்பு. லேசாகத் தரைதட்டினாலும் உள்ளே பசை போட்டு ஒட்டிய சட்டகம் விட்டுப்போகலாம், அது வெளியே தெரியாமலும் இருக்கலாம் என்றும் எச்சரித்தது.

இதனால் வேகப் படகெல்லாம் ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. காற்றை எதிர்த்து நன்றாக ஏறும் படகு, புயல் கரையை நோக்கித் தள்ளும்போது தப்பிக்கவும் உதவும். ஆனால் அந்தத் திறனுக்கு விலை உண்டு. உடல் இலகுவாகவும், பாய்மரம் உயரமாகவும், கீல் குறுகி ஆழமாகவும் இருப்பதால், கீலின் முழுப் பாரமும் சில போல்ட்டுகள் வழியாகச் சிறிய பரப்பில் இறங்குகிறது. ஆழமில்லாத துறைமுகங்களுக்குள் நுழையவும் முடியாது. வசதிப் படகான க்ரூசர் மெதுவாகப் போகும். ஆனால் தண்ணீர், டீசல், நங்கூரச் சங்கிலி, ஒரு மாத உணவு எல்லாம் ஏற்றினாலும் அதன் குணம் பெரிதாக மாறாது. இதே சுமையை ரேசர்-க்ரூசரில் ஏற்றினால், எதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தீர்களோ அந்த வேகம் குறைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள நீடில்ஸ் பாறைகளிலிருந்து பிரான்சின் ஷெர்பூர் ஏறத்தாழ 60 கடல் மைல். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் 10 மணி நேரம், 7 நாட்டில் எட்டரை மணிக்குச் சற்று மேல். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தைவிட, களைப்பில்லாமல் கரை சேர்வதே முக்கியம் என்பது என் கருத்து.

ஐரோப்பியச் சட்டப்படி 'ஏ' முதல் 'டி' வரையான வடிவமைப்புத் தரம் படகுக்குத் தரப்படுகிறது. போஃபர்ட் அளவில் 8-க்கு மேற்பட்ட காற்றையும் 4 மீட்டருக்கு மேற்பட்ட அலையையும் தாங்கும்படி வடிவமைத்தது 'ஏ'. அந்த முத்திரை சொல்வது வடிவமைப்பை மட்டும்தான். பத்தாண்டு ஓடி நான்கு முறை தரைதட்டிய படகின் இன்றைய நிலையை அது சொல்லாது. பழைய படகு வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பிரிட்டனில் வாங்கினால், 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். வணிகர் விற்கும் படகு திருப்திகரமான தரத்திலும், சொன்ன விவரப்படியும், நீங்கள் தெரிவித்த நோக்கத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். ஆகவே "குடும்பத்தோடு கடல் கடக்க வேண்டும்" என்பதை விலை பேசும்போதே எழுத்தில் தெரிவியுங்கள். குறை இருந்தால் 30 நாளுக்குள் படகைத் திருப்பித் தந்து பணத்தைக் கேட்கலாம். அதன் பிறகு, பழுதுபார்க்க விற்றவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அது பலிக்காவிட்டால் விலைக்குறைப்போ படகைத் திருப்பித் தரும் உரிமையோ உண்டு. 30 நாள் உரிமைக்கு அல்லாமல் இந்தப் பிந்தைய உரிமைகளுக்கு, முதல் ஆறு மாதத்தில் தெரியும் குறை ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு.

தனியாரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடையாது. பெரும்பாலும் அவர் சொன்ன விவரம் பொய்யென்றால்தான் வழக்குக்கு இடம் உண்டு. தரகர் அலுவலகத்தில் வாங்குகிறோமே என்று நிம்மதி அடையாதீர்கள். தரகர் பெரும்பாலும் இன்னொருவரின் படகைத்தான் விற்றுத் தருகிறார், உங்கள் ஒப்பந்தம் அந்த உரிமையாளரோடுதான். எனவே "இந்தப் படகு எப்போதாவது தரைதட்டியதா, கீலைக் கழற்றிப் பூட்டியதுண்டா, ரசீது எங்கே?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் நீதிமன்றத்தில் அதுதான் பேசும்.

படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவர் நீட்டும் பழைய அறிக்கை அவருக்காக எழுதப்பட்டது. அதில் தவறு இருந்தாலும் எழுதியவர் உங்களுக்குப் பொறுப்பாக மாட்டார். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, கீல் சேரும் இடத்தில் விரிசல், துருக்கறை, உள்ளே சட்டகம் விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காப்பீட்டில், பந்தயத்தின்போது பாய்க்கும் பாய்மரத்துக்கும் நேரும் சேதம் அடங்குமா என்றும் கேளுங்கள்.

பந்தயத்தில் உண்மையாகவே இறங்கப் போகிறவர்கள் ரேசர்-க்ரூசரை வாங்கட்டும். ஆண்டுக்கொரு முறையும், ஒவ்வொரு தரைதட்டலுக்குப் பிறகும் கீலைச் சோதிக்கும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். அந்தச் செலவுக்கு மனமில்லாதவர்கள் வசதிப் படகையே வாங்குங்கள்; அதையும் தரைதட்டினால் சோதிக்காமல் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.